வீட்டைக் கட்ட வேண்டியது வீட்டுக்காரர்

நேயர்களுக்கு வணக்கம். 2001 ஜனவரி 26, குடியரசு நாள். காலை 8.46 மணிக்கு குஜராத்தின் கட்ச் மாவட்டம் நிலநடுக்கத்தில் குலுங்கியது. அஞ்சார் நகரில் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள், குறுகலான தெருவில் இருபக்கக் கட்டடங்களும் சரிந்து விழ, அங்கேயே இறந்தார்கள். மாநிலத்தில் மொத்தம் 13,800 பேருக்கு மேல் மாண்டதாக அரசுக் கணக்கு.

கூடாரம், தண்ணீர், மருந்து என்று முதல் சில வாரங்கள் உதவி குவியும். அதில் நம் மக்கள் குறை வைப்பதே இல்லை. நிவாரண லாரிகள் திரும்பிப் போன பிறகு என்ன நடக்கிறது? அதைத்தான் இன்று பேச நினைக்கிறேன்.

1993 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது, 52 கிராமங்களை மொத்தமாக வேறு இடத்துக்கு மாற்றினார்கள். வரிசை வரிசையாக வீடு கட்டி, சாவியைக் கையில் கொடுத்தார்கள். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் அந்த வீடுகளில் மாடு கட்ட, தீவனம் போட, விவசாயச் சாமான் வைக்க வசதி போதவில்லை. குடியிருக்கப் போகிறவரைக் கேட்காமல் போட்ட வரைபடம் வேறு எப்படி இருக்கும்?

கட்ச்சில் பெரும்பாலும் வேறு வழியில் போனார்கள். பணத்தைத் தவணையாக வீட்டுக்காரரிடமே கொடுத்தார்கள். எப்படிப்பட்ட வீடு என்பது அவர் விருப்பம். உறுதிக்கு மட்டும் விதி உண்டு. சுவரைச் சுற்றி அஸ்திவார மட்டத்திலும், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்திலும் பெல்ட் கான்கிரீட், அதாவது இடுப்பு வார் போல வீட்டை இறுக்கிப் பிடிக்கும் கான்கிரீட் பட்டை; மூலைகளில் கீழிருந்து மேல்வரை கம்பி. பொறியாளர் வந்து பார்த்துச் சரி என்றால்தான் அடுத்த தவணை. உள்ளூர் கொத்தனார்களுக்கும் பயிற்சி தந்தார்கள். மறைந்துபோகும் கம்பியைப் பூசுவதற்கு முன்பே நின்று பார்க்க வீட்டுக்காரரை விடப் பொருத்தமான ஆள் யார்?

சரி, எல்லாரும் ஒரே மாதிரி சமாளித்தார்களா? இல்லை. வாடகைக்கு இருந்தவர்களும் பட்டா இல்லாதவர்களும் நகரங்களில் மிகவும் சிரமப்பட்டார்கள். சொந்த வீடு இருந்தவரை மையமாக வைத்த திட்டத்தில் அவர்கள் பின்னுக்குப் போனது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

லாத்தூரில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. சேதமான வீடுகளைப் பழுதுபார்க்கும் பணியில், ஊர்ப் பெண்களே மக்களுக்கும் பொறியாளருக்கும் நடுவில் நின்று வேலை செய்தார்கள். பிறகு அவர்களில் சிலர் கட்ச் போய்த் தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள். 2004 சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டு மீனவக் கிராமங்களுக்கும் அந்தப் பாடம் வந்து சேர்ந்தது.

அடுத்த முறை நிதி கொடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: வரைபடம் போடும்போது அந்த வீட்டுப் பெண்கள் இருப்பார்களா? கொத்தனார் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா?