திருடுன கோடுல இருந்து என்னங்க முளைச்சுது?

நடுவர் அவர்களே, வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். பல வருஷமா ஓடுற கேம் வரிசைகளுக்கு சோர்ஸ் கோடு, அதாவது ப்ரோகிராமருங்க எழுதுன மூல நிரல், லீக் ஆகுறது நல்லதா கெட்டதாங்கிறதுதான் தலைப்பு, நான் கெட்டதுன்னு பேச வந்தவன். எதிரணித் தலைவர் பேசுன வேகத்தைப் பாத்தா பூட்டை உடைச்சவனுக்கு சிலையே வெச்சிடுவாரு போலிருக்கு. கம்பெனிங்க காப்பிரைட்டைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அரைச்ச மாவையே அரைக்குது, லீக் ஆனாத்தான் ரசிகர்கள் கையில புதுசு பொறக்கும்னு சொன்னாரு. அரைச்ச மாவுங்கிறது வாஸ்தவம். ஹாஃப் லைஃப்னு ஒரு துப்பாக்கிச் சண்டை கேம் வரிசை, அதோட மூணாம் பாகம் வரும் வரும்னு காத்திருந்து தாடி நரைச்ச கூட்டத்துல நானும் ஒருத்தன்தான். ஆனா வியாதி இதுன்னா மருந்து அது இல்லைங்க.

அந்த ஹாஃப் லைஃபையே எடுத்துக்குவோம். 1998ல முதல் பாகம் வந்துச்சு, அதுக்கு எஞ்சினை, அதாவது கேமை ஓட்டுற அடிப்படை ப்ரோகிராமை, அதைச் செஞ்ச வால்வ் கம்பெனி அடியில இருந்து எழுதல, இட் சாஃப்ட்வேர்கிட்ட குவேக் எஞ்சினை லைசன்ஸ் போட்டு வாங்கி, தட்டி ஒட்டி தன்னோடதா ஆக்கிக்கிட்டாங்க. அப்புறம் மோட் பண்றவங்களுக்கு, அதாவது இருக்கிற கேமை மாத்திப் புதுசு செய்யுற ரசிகர்களுக்கு, தேவையான டூல்ஸையும் கேம் கோடையும் அவங்களே வெளிய குடுத்தாங்க. அத வெச்சு மின் லீ, ஜெஸ் கிளிஃப்னு ரெண்டு பேரு 1999ல ஒரு மோட் செஞ்சாங்க, பேரு கவுண்டர் ஸ்ட்ரைக். அடுத்த வருஷமே வால்வ் அவங்கள உள்ள கூப்பிட்டு கேமை கடையில வித்துச்சு. இன்னைக்கு தாய் கேமை விட மகன்தான் பெரிய ஆளு.

இப்ப அதே கம்பெனி, அதே வரிசை, 2003. ஹாஃப் லைஃப் 2 செப்டம்பர் 30 ரிலீஸ்னு அறிவிச்சிருந்தாங்க, ரிலீஸ் வரல, அக்டோபர் முதல் வாரத்துல கோடு நெட்டுல வந்திடுச்சு. ஜெர்மனியில உக்காந்துக்கிட்டு ஒரு பையன் நெட்வொர்க்குள்ள புகுந்து உருவிட்டான். அதுக்கப்புறம் அவனே முதலாளி கேப் நியூவெல்லுக்கு மெயில் போட்டு உங்ககிட்ட வேலை கிடைக்குமான்னு கேட்டான் பாருங்க, அங்கதான் நிக்கிறான்! இவங்களும் ஃபோன்ல இண்டர்வியூ எடுக்குற மாதிரி பேசி அமெரிக்காவுக்கு வரவெச்சுப் புடிக்கலாம்னு பாத்தாங்க, அதுக்குள்ள ஜெர்மன் போலீஸ் 2004 மே மாசம் வீட்டுக்கே போய்த் தூக்கிடுச்சு. கேம் வந்தது அந்த வருஷம் நவம்பர்ல. லீக்காலதான் அத்தனை லேட்டுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன், லீக்கானதைப் பாத்தவங்களுக்கே தெரியும், அப்ப அந்த கேம் பாதி வேக்காடுதான். நான் கேக்குறது வேற. குடுத்த கோடுல கவுண்டர் ஸ்ட்ரைக் முளைச்சுது, திருடுன கோடுல என்ன முளைச்சுது?

"ஊரார் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே"ன்னு ஊத்தி ஊத்தி சாப்பிடலாம் நடுவர் அவர்களே, ஆனா அந்த நெய்யில பலகாரம் சுட்டு கடை போட முடியாது. இன்னொரு சிக்கல் இருக்கு, எதிரணி அந்தப் பக்கமே போகல. வைன் (Wine)னு ஒரு ப்ராஜெக்ட், விண்டோஸ் கேமையெல்லாம் லினக்ஸ்ங்கிற வேற ஆப்பரேட்டிங் சிஸ்டத்துல ஓட்டுறது. மைக்ரோசாஃப்டோட விண்டோஸ் கோடைப் பாத்தவங்க எங்களுக்கு எழுதக் கூடாதுன்னு அவங்க விதியே வெச்சிருக்காங்க. ஏன்னா காப்பிரைட் ஐடியாவைப் பூட்டல, எழுதுன எழுத்தைத்தான் பூட்டுது, வெளிய இருந்து பாத்து தானா எழுதுனா தப்பில்ல, ஆனா ஒருதடவை உள்ள எட்டிப் பாத்துட்டா நீ காப்பி அடிக்கலங்கிறத எப்படி நிரூபிப்ப? ராவு பகலா நேர்மையா உழைக்கிற ரசிகன் தலையில லீக் விஷத்த ஊத்துதுங்க, கம்பெனிக்காரன் லாயரை வெச்சு சமாளிச்சுக்குவான்.

திறந்து விடுறது எப்படின்னு டூம்ங்கிற கேமைப் பாருங்க. 1997 டிசம்பர்ல இட் சாஃப்ட்வேர் தானாவே கோடை வெளியிட்டுச்சு, 1999ல யாரும் மாத்தலாம், பகிரலாம்ங்கிற ஜிபிஎல் லைசன்ஸுக்கும் மாத்துச்சு. சவுண்டுக்கு மட்டும் வெளியாள் ஒருத்தரோட ரெடிமேட் கோடு லைப்ரரிய போட்டிருந்தாங்க, அடுத்தவன் பொருள்னு அத எடுத்துட்டுத்தான் குடுத்தாங்க, ரசிகர்கள் தாங்களே புதுசா எழுதிக்கிட்டாங்க. கோடு ஃப்ரீ, ஆனா படமும் லெவலும் இருக்கிற வாட் ஃபைலுக்கு இன்னைக்கும் காசு. காப்பிரைட் போகல, புதுமையும் சாகல. அந்தக் கோடோட பேரன்தான் ஜிஇசட்டூம், அதுல செலாக்கோன்னு ஒரு கேம் செஞ்சு 2024ல ஸ்டீம்ங்கிற வால்வோட ஆன்லைன் கடையில வித்தாங்க, யாரும் நோட்டீஸ் அனுப்பல.

ஸ்டாக்கர்ங்கிற கேமை வெச்சு ரசிகர்கள் செஞ்ச அனாமலி மோட் இருக்கேன்னு எதிரணியில முணுமுணுக்கிறாங்க, காதுல விழுது. நல்ல மோட்தான், நானும் ராத்திரி முழுக்க ஆடியிருக்கேன். ஆனா அந்த எஞ்சின் கோடு லீக் ஆகி வெளிய சுத்துறத ஸ்டாக்கரைச் செஞ்ச ஜிஎஸ்சி கம்பெனி கண்டுக்காம விட்டதாலதான் அது உயிரோட இருக்கு, விலை போட்டு விக்கச் சொல்லுங்க பாப்போம், அப்புறம் தெரியும். வால்வோட டீம் ஃபோர்ட்ரஸ் 2 கேமோட பழைய கோடு 2020ல நெட்டுல சுத்துனப்ப ஹேக் ஆயிடுவோமோன்னு ஆளாளுக்கு கேமை மூடிட்டு ஓடுனாங்க, 2025 பிப்ரவரியில வால்வே கோடைக் குடுத்து, ஓசியா குடுக்குறதா இருந்தா ஸ்டீம்லயே போடுங்கன்னு சொன்னப்பதான் மோட் பண்றவங்க நிம்மதியா உக்காந்தாங்க.

மணி அடிச்சிட்டீங்க, முடிச்சிடறேன். அடுத்து வர்ற எதிரணிக்காரர் லீக் ஆன கோடுல செஞ்சு கடையில சட்டப்படி காசுக்கு விக்கிற கேம் ஒண்ணே ஒண்ணு பேரு சொல்லட்டும், இந்த மைக்க அவரு கையில குடுத்துட்டு நான் அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கறேன்.