படவுக் கயிறு

(சேலத்தில், லெந்து நாட்களின் மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சகோதர சகோதரிகளே, யாவையும் தேவன் நிர்ணயித்தார் என்றால் நம் செய்கைக்கு என்ன இடம்? இந்தக் கேள்விக்கு, சேலத்தில் பிரசங்கிக்கிற எவருக்கும் கைக்கெட்டும் உவமை ஒன்று உண்டு. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதையைப் போட்டவர் தேவன், ஸ்டியரிங் நம் கையில். கேட்க நன்றாயிருக்கும். ஆனால் அந்த உவமையில் தேவன், ரோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்ட கான்ட்ராக்டர். பிலிப்பியர் 2:13 அப்படிச் சொல்லவில்லை. செய்கையை மட்டுமல்ல, விருப்பத்தையே நமக்குள் உண்டாக்குகிறவர் அவர் என்கிறது. அதற்கு முந்தின வசனமோ பயத்தோடும் நடுக்கத்தோடும் பிரயாசப்படச் சொல்கிறது. பாதி அவர், பாதி நாம் என்று பாகம் பிரிக்க பவுல் இடம் வைக்கவில்லை.

அப்போஸ்தலர் 27-ஐத் திறந்துகொள்ளுங்கள். புயலில் அகப்பட்ட கப்பல், அதில் 276 பேர், கைதியாகப் பவுலும் உண்டு. தேவதூதன் வந்து சொன்னதைப் பவுல் அறிவிக்கிறார்: கப்பல்தான் போகும், ஓர் உயிரும் போகாது. நிபந்தனையே இல்லை. பதினாலாம் இராத்திரி, நடுஜாமம். மாலுமிகள் ஆழம் பார்க்கும் கயிறான விழுதை விட்டுப் பார்க்கிறார்கள், 20 பாகம் ஆழம். சற்று தள்ளி மறுபடியும் பார்க்க, 15. பாறையில் மோதுவோம் என்று பயந்து பின்னணியத்தில், அதாவது கப்பலின் பின்பக்கத்தில், நாலு நங்கூரம் போடுகிறார்கள். பிறகு, முன்னணியத்திலும் நங்கூரம் போடப்போகிற பாவனையில், கப்பலிலிருந்த படவை, அதாவது சிறு படகை, மெல்லக் கடலில் இறக்குகிறார்கள். ஓடிப்போகத்தான். உடனே பவுல் சேவகரின் தலைவனான நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார்: "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்." சேவகர் படவின் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள்.

வாக்குத்தத்தம் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. 276 பேரும் பிழைப்பார்கள் என்று நிர்ணயித்தவர், மாலுமிகள் கப்பலில் இருந்தாக வேண்டும் என்பதையும், பவுல் வாய் திறப்பதையும், சேவகர் படவின் கயிற்றை அறுப்பதையும் சேர்த்தே நிர்ணயித்திருந்தார். அறுத்தவர்களின் கையை எவரும் பிடித்து இழுக்கவில்லை. உயிர்மேல் ஆசை, அறுத்தார்கள்.

நம்மவர்கள் தலையெழுத்து என்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். தலையெழுத்தில், நீ என்ன செய்தாலும் முடிவு அதே முடிவு. வேதம் சொல்லும் தேவ நிர்ணயத்தில், முடிவு வருவதே நீ செய்கிறதன் வழியாக. இதைக் குழப்பிக்கொண்டால் ஜெபமும் மருந்தும் வீண் என்றாகிவிடும்.

இதே அதிகாரத்தை, டச்சுப் போதகர் அர்மீனியுவைப் பின்பற்றுகிற அர்மீனியப் பக்கத்தார் முன்னறிவைக்கொண்டு விளக்குவார்கள்: நடக்கப்போவது தேவனுக்குத் தெரியும், அவ்வளவே. எனக்கு அது போதவில்லை. 24-ம் வசனத்தில் தூதன் "தெரியும்" என்று சொல்லவில்லை, கூட யாத்திரைபண்ணுகிற யாவரையும் தேவன் "உனக்குத் தயவுபண்ணினார்", அதாவது கொடுத்தருளினார், என்கிறான். தெரிந்துகொள்வது வேறு, கொடுப்பது வேறு. இந்த வழக்கு இன்று நேற்று வந்ததல்ல. 1610-ல் அர்மீனியுவின் சீடர்கள் ஐந்து கட்டுரைகள் எழுத, 1618–19-ல் நெதர்லாந்தில் கூடிய டார்ட் சபைச் சங்கம் அவற்றைத் தள்ளியது. கத்தோலிக்கரிடையே தொமினிக்கர், இயேசு சபையார் என்ற இரண்டு துறவற சபைகளுக்குள் இதே கேள்விமேல் நடந்த வழக்கில், 1607-ல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் தீர்ப்பே சொல்லவில்லை. ஒருவரையொருவர் பதிதர் என்று பழிக்காதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பிவைத்தார். புத்திசாலி.

தேவ நிர்ணயத்தைத் தலையெழுத்தாக்குகிற தப்பு பெரும்பாலும் துக்க வீட்டில்தான் நடக்கிறது. மலைச்சாலை விபத்தில் ஒருவர் போய்விட்ட வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மலையிறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விட்டால் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது. முழு பாரமும் பிரேக்கின்மேல் விழும். வளைவுக்கு வளைவு மிதிக்க மிதிக்க லைனிங் சூடேறி, கடைசியில் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது. ஏறின கியரிலேயே இறங்கியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் "கர்த்தருடைய சித்தம்" என்று முடித்துவிடுகிறோம். 1646-ல் இங்கிலாந்தில் எழுதிமுடித்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, தேவன் யாவற்றையும் நிர்ணயித்தார் என்று சொல்லும் இடத்திலேயே, அதனால் இரண்டாம் காரணங்கள், அதாவது முதற்காரணராகிய அவருக்குக் கீழே மனிதரும் பொருள்களும் ஆகிய காரணங்கள், எடுபட்டுப்போகவில்லை, நிலைப்படுகின்றன என்கிறது. சூடேறிய லைனிங் ஓர் இரண்டாம் காரணம். அடுத்த டிரைவருக்கு அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இதற்கு நேர் எதிரான தப்பு, திருவுளச் சீட்டு. கல்யாண வரனுக்கு இரண்டு பெயர்களைச் சீட்டுகளில் எழுதி, வேதாகமத்துக்குள் வைத்து, ஜெபித்து ஒன்றை எடுப்பது. உபாகமம் 29:29 மறைவானவை கர்த்தருக்கே உரியவை என்கிறது. நாமோ அதையே எட்டிப்பார்க்கத் துடிக்கிறோம். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுக்க அப்போஸ்தலர் சீட்டுப் போட்டார்களே என்பீர்கள். போட்டார்கள், பரிசுத்த ஆவி இறங்கின பெந்தெகொஸ்தேவுக்கு முன். அதுவும் யோவான் ஞானஸ்நானம் கொடுத்த நாள்முதல் தங்களோடு கூடவே இருந்தவரா என்று விசாரித்து, இரண்டு பேரை நிறுத்தின பிறகு. நம் வீடுகளில் அந்த விசாரணையைத்தான் விட்டுவிடுகிறோம். சீட்டைக் குலுக்குகிற நேரத்தில் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.