அடிமைகளை விடுவித்தது லிங்கன் மட்டும்தானா? அமெரிக்க உள்நாட்டுப் போரின் கதை

வணக்கம். ஆபிரகாம் லிங்கன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பள்ளிக்கூடத்தில் படித்த ஒரே ஒரு வரிதான்: அடிமைகளுக்கு விடுதலை கொடுத்தவர். பரீட்சைக்கு அது போதும். ஆனால் 1861 மார்ச் 4 அன்று பதவியேற்றபோது அதே லிங்கன் பேசியதை எடுத்துப் பாருங்கள். அடிமை முறை இருக்கிற மாநிலங்களில் அதில் கைவைக்கும் எண்ணம் தனக்கு இல்லை, அதற்குச் சட்டப்படி தனக்கு அதிகாரமும் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறார். அப்படிச் சொன்ன மனிதர் இரண்டு வருடம் முடிவதற்குள் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போடுகிறார். நடுவில் என்ன நடந்தது? அதற்குப் பதில் தேடுவதுதான் இந்த வீடியோ. போர்க்களங்களை இதில் வேகமாகத்தான் கடந்து போவேன். தளபதிகளைப் பற்றி ஏற்கெனவே ஆயிரம் வீடியோ இருக்கிறது.

[திரையில்: 1860 அமெரிக்க வரைபடம், வடக்கும் தெற்கும் இரு நிறங்களில்]

முதலில் பணக் கணக்கு. 1793-இல் ஈலை விட்னி என்பவர் பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின்னிங் இயந்திரத்தைக் கொண்டு வந்தார். இயந்திரம் வந்தால் ஆட்களுக்கு வேலை குறையும் என்றுதானே நினைப்போம். இங்கே நேர் எதிராக நடந்தது. கொட்டை பிரிக்கிற வேலை சுலபமானதும் பருத்தி விளைவித்தால் கொள்ளை லாபம் என்றாகி, ஜார்ஜியாவிலிருந்து மிசிசிப்பி வரைக்கும் காட்டை அழித்துப் பருத்தி போட்டார்கள். நடவும் களையெடுப்பும் பறிப்பும் அடிமைகளின் தலையில் விழுந்தன. 1860-இல் நாட்டின் மொத்த மக்கள்தொகை சுமார் 3 கோடியே 14 லட்சம், அதில் அடிமைகள் கிட்டத்தட்ட 40 லட்சம் பேர். ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் பருத்தி. தெற்கத்திப் பணக்காரன் தன் சொத்தை எழுதச் சொன்னால் நிலத்தோடு சேர்த்து மனிதர்களின் பெயரையும் வயதையும் விலையையும் எழுதுவான்.

இதைக் காப்பாற்றச் சட்டமும் இருந்தது. 1850-இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டத்தில் ஒரே ஒரு ஷரத்தை மட்டும் சொல்கிறேன், அதன் குணம் புரிந்துவிடும். பிடிபட்ட ஆளை எஜமானிடம் திருப்பி அனுப்பினால் விசாரணை ஆணையருக்குக் கட்டணம் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். அனுப்பினால் காகித வேலை அதிகம், அதனால்தான் கூடுதல் கட்டணம் என்று விளக்கம் வேறு சொன்னார்கள். பிடிபட்டவருக்குத் தன் தரப்பைச் சொல்லக்கூட அனுமதி கிடையாது. அப்புறம் 1857-இல் ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை தன் விடுதலைக்காகப் போட்ட வழக்கில், கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாகவே இருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மேற்கே புதிதாக உருவாகும் பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டது. அங்கே பரவக் கூடாது என்பதுதான் லிங்கன் கட்சியின் கொள்கையே. 1860 நவம்பரில் சுமார் 40 சதவீத ஓட்டோடு அவர் ஜெயித்தார். தெற்கில் பல மாநிலங்களில் அவர் பெயரில் வாக்குச்சீட்டே கிடையாது.

அவர் பதவியேற்கும் வரைகூடத் தெற்கு காத்திருக்கவில்லை. டிசம்பர் 20 அன்று தென் கரோலினா பிரிந்தது, பின்னாலேயே மற்றவையும் கிளம்பின. கடைசியில் மொத்தம் 11 மாநிலங்கள் சேர்ந்து தங்களுக்கென்று தனி அரசு வைத்துக்கொண்டன.

இன்றைக்கும் இணையத்தில் ஒரு கூட்டம் சுற்றுகிறது: "போர் அடிமை முறைக்காக நடக்கவில்லை, மாநில உரிமைக்காக நடந்தது." எனக்கு இந்த வாதத்தைப் பார்த்தால் அலுப்புதான் வருகிறது, ஏனென்றால் பிரிந்தவர்களே காரணத்தை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மிசிசிப்பியின் அறிக்கை ஆரம்பத்திலேயே, எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்க இணைந்தது என்று சொல்கிறது. தெற்கின் புதிய அரசியல் சாசனம், கறுப்பின அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குலைக்கும் சட்டம் எதையும் இயற்றக் கூடாது என்றது. அந்தப் புதிய அரசின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் சவானா நகரில் பேசும்போது, கறுப்பன் வெள்ளையனுக்குச் சமமில்லை என்பதுதான் எங்கள் அரசாங்கத்தின் மூலைக்கல் என்றார். இவரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: தப்பியோடியவர்களைப் பிடித்துத் தர மறுத்த வடக்கு மாநிலங்கள்மேல் தென் கரோலினாவின் அறிக்கை குற்றப்பத்திரிகையே வாசிக்கிறது. அந்த மாநிலங்களுக்கு மட்டும் உரிமை கிடையாதா?

சரி, போர். 1861 ஏப்ரல் 12 அன்று சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இருந்த சம்டர் கோட்டையின் மீது தெற்கு குண்டு வீசியது. தெற்கு போருக்குப் போனது அடிமை முறையைக் காப்பாற்ற. வடக்கு போருக்குப் போனதோ நாடு உடையாமல் காக்கத்தான், அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று அப்போது அரசாங்கத்தில் யாரும் முடிவெடுக்கவில்லை.

[திரையில்: மன்றோ கோட்டையின் வான்வழிப் படம்]

இப்போது மே 23, இரவு. வர்ஜீனியா கடலோரம். ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்று மூன்று பேர். தெற்குப் படைக்காகப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் இவர்களை இறக்கியிருந்தார்கள். அடுத்து குடும்பத்தை விட்டுப் பிரித்து கரோலினா பக்கம் அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஒரு படகை எடுத்துக்கொண்டு எதிர்க்கரையில் வடக்குப் படையின் கையில் இருந்த மன்றோ கோட்டைக்குத் துடுப்புப் போட்டுப் போய்விட்டார்கள். உள்ளே என்ன வரவேற்பு கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. சட்டப்படி பார்த்தால் திருப்பித்தான் அனுப்ப வேண்டும்.

கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர், மாசசூசெட்ஸ்காரர், தொழிலில் வக்கீல். பெரிய புரட்சிக்காரர் எல்லாம் இல்லை. முந்தின வருடம் தன் கட்சி மாநாட்டில் ஜெபர்சன் டேவிஸை அதிபர் வேட்பாளராக்கச் சுற்றுக்குச் சுற்று ஓட்டுப் போட்டவர், அந்த டேவிஸ்தான் இப்போது எதிரணியின் அதிபர். மறுநாள் எஜமானின் சார்பில் ஒரு மேஜர் வெள்ளைக்கொடியோடு வந்து, சட்டப்படி அந்த மூன்று பேரையும் கொடுங்கள் என்று கேட்டார். அங்கேதான் பட்லருக்குள் இருந்த வக்கீல் விழித்துக்கொண்டார். நாங்கள் தனி நாடு என்று வர்ஜீனியா சொல்கிறது, அந்நிய நாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று திருப்பிக் கேட்டார். இந்த மூன்று பேரும் உங்கள் சொத்து என்றே வைத்துக்கொள்வோம், எனக்கு எதிராகப் பீரங்கி மேடை கட்டுகிற சொத்தைப் போரில் நான் பறிமுதல் செய்யலாம், அதனால் பறிமுதல் செய்கிறேன் என்றார். கூடவே, எஜமான் நேரில் வந்து அமெரிக்காவுக்கு விசுவாசம் என்று சத்தியம் செய்தால் ஆட்களைத் தருகிறேன் என்று ஒரு குத்தலும் வைத்தார்.

கவனித்துப் பார்த்தால் இது மனிதாபிமான வாதமே இல்லை. மனிதனைச் சொத்து என்று சொன்னவர்களின் வாயை அதே சொத்து என்ற வாதத்தால் அடைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் சேதி பரவியது. சில நாட்களில் பத்து இருபதாக, பிறகு குடும்பம் குடும்பமாக, கிழவிகளும் கைக்குழந்தைகளும் கோட்டை வாசலுக்கு வந்து நின்றார்கள். பீரங்கி மேடை கட்டாத குழந்தையை எந்தக் கணக்கில் பறிமுதல் செய்வது? பட்லரே மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டியதாயிற்று. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பறிமுதல் சட்டம் இயற்றியது, 1862 ஜூலையில் அதைவிட விரிந்த இரண்டாவது சட்டம் வந்தது. அதாவது மக்கள் முதலில் நடந்து வந்தார்கள், சட்டம் பின்னால் வந்தது. இந்தக் கோட்டை இருக்கும் பாயின்ட் கம்ஃபர்ட் என்ற இடத்தில்தான் 1619-இல் ஆங்கிலேய வர்ஜீனியாவின் முதல் ஆப்பிரிக்க அடிமைகளைக் கப்பலிலிருந்து இறக்கினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு நடுவில் தெற்கு வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பிரிட்டனின் நூற்பாலைகளுக்குப் போன பருத்தியில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்கப் பருத்தி. பருத்தி நின்றால் பிரிட்டன் ஓடிவந்து தங்களை நாடாக அங்கீகரிக்கும் என்று நம்பினார்கள். லங்காஷயரில் ஆலைகள் மூடி லட்சக்கணக்கானோர் வேலையிழந்தது உண்மை. ஆனால் பிரிட்டன் எகிப்து பக்கமும் இந்தியா பக்கமும் திரும்பியது. பம்பாயில் பருத்தி விலை எகிற, பணம் கொட்டியது, கண்டபடி கம்பெனிகள் முளைத்தன. 1865-இல் போர் முடிந்த சேதி வந்ததும் விலை சரிந்து, பல வியாபாரிகளும் வங்கிகளும் திவாலாகின. அது தனி வீடியோவுக்கான விஷயம்.

[திரையில்: சார்ல்ஸ்டன் துறைமுக வரைபடம், பிளான்டர் கப்பல் சென்ற பாதை]

1862 மே 13, விடிகாலை. பிளான்டர் என்ற தெற்குப் படையின் நீராவிக் கப்பல். அதிகாரிகள் மூன்று பேரும் விதியை மீறிக் கரையில் தூங்கப் போய்விட்டார்கள். கப்பலை ஓட்டத் தெரிந்த 23 வயது அடிமை ராபர்ட் ஸ்மால்ஸ், மற்ற அடிமை மாலுமிகளோடு சேர்ந்து கப்பலைக் கிளப்பினார். வழியில் ஒரு துறையில் மறைந்திருந்த தன் மனைவி குழந்தைகளையும் மற்றக் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டார். கேப்டனின் வைக்கோல் தொப்பியை மாட்டிக்கொண்டு, அவர் நிற்பதுபோலவே நின்றுகொண்டு, ஒவ்வொரு கோட்டையைக் கடக்கும்போதும் சரியான விசில் சமிக்ஞையை ஊதினார். சம்டர் கோட்டையின் பீரங்கிக்கு நேர் கீழே அவசரமே காட்டாமல் கடந்தார். வேகம் எடுத்தால் சந்தேகம் வந்துவிடும். எல்லை தாண்டியதும் கொடியை இறக்கிவிட்டு வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கட்டி, வடக்குக் கப்பலிடம் பீரங்கிகளோடு பிளான்டரை ஒப்படைத்தார். அந்த ஆகஸ்டில் வாஷிங்டன் போய் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனைச் சந்தித்து, கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்கும்படி வற்புறுத்தினார்.

செப்டம்பர் 17 அன்று ஆன்டீட்டம் என்ற இடத்தில் ஒரே நாளில் இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 23,000 பேர் செத்தும் காயம்பட்டும் காணாமலும் போனார்கள். தெற்குப் படை பின்வாங்க, லிங்கன் அந்தத் தருணத்துக்காகவே வைத்திருந்த பிரகடனத்தை வெளியிட்டார். 1863 ஜனவரி 1 முதல் அமல். கலகம் செய்யும் பகுதிகளில் உள்ள அடிமைகளுக்கு மட்டும் விடுதலை. அடிமை முறை இருந்தும் வடக்கோடு நின்ற கென்டக்கி, மிசூரி, மேரிலாந்து, டெலவர் மாநிலங்களுக்கு அது பொருந்தாது. அப்படியானால் வெறும் காகிதம்தானா என்று கேட்டால், இல்லை. கறுப்பின ஆண்கள் படையில் சேரலாம் என்ற வரி அதில் இருந்தது. சுமார் 1,79,000 பேர் தரைப்படையிலும் ஏறத்தாழ 19,000 பேர் கடற்படையிலும் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி நேற்றுவரை அடிமையாக இருந்தவர்கள்.

சேர்ந்தவர்களுக்கு என்ன மரியாதை? வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் துணிக்கு 3 டாலர் பிடித்தம். மாசசூசெட்ஸின் 54-வது படைப்பிரிவு, முழுச் சம்பளம் தராவிட்டால் ஒன்றுமே வேண்டாம் என்று ஒரு வருடத்துக்கும் மேல் கைநீட்டாமல் இருந்தது. சம்பளம் வாங்காமலேயே 1863 ஜூலையில் வாக்னர் கோட்டையைத் தாக்கப் போய் ஏராளமானவர்களை இழந்தார்கள். வீட்டில் குழந்தைகள் பட்டினி என்று கடிதம் வந்துகொண்டிருந்த காலம் அது. 1864 ஜூனில்தான் சமச் சம்பளச் சட்டம் வந்தது. தெற்கோ, பிடிபட்ட கறுப்பினச் சிப்பாய்களைப் போர்க் கைதிகளாகவே ஏற்கவில்லை. பில்லோ கோட்டையில் சரணடைந்தவர்களையும் கொன்றார்கள்.

தெற்கிலும் ஏழை வெள்ளையர்களுக்குள் புகைச்சல் இருந்தது. 20 அடிமைகள் இருக்கிற தோட்டத்துக்கு ஒரு வெள்ளையருக்குக் கட்டாயப் படைச்சேவையிலிருந்து விலக்கு என்று 1862-இல் சட்டம் போட்டால் புகையாமல் என்ன செய்யும்?

கெட்டிஸ்பர்க், விக்ஸ்பர்க், வடக்குத் தளபதி ஷெர்மன் அட்லாண்டாவைப் பிடித்தது எல்லாம் நீங்கள் கேள்விப்பட்டவை. 1865 ஏப்ரல் 9 அன்று தெற்கின் தளபதி ஜெனரல் லீ சரணடைந்தார், 14-ஆம் தேதி லிங்கன் சுடப்பட்டு மறுநாள் காலை இறந்தார். செத்த சிப்பாய்கள் 6,20,000 என்பது பழைய கணக்கு, அதைவிட அதிகம் என்பது பிந்தைய ஆய்வுகளின் கணிப்பு. பெரும்பாலோரைக் கொன்றது குண்டு இல்லை, வயிற்றுப்போக்கும் டைபாய்டும் மாதிரியான நோய்கள். டெக்சாஸின் கால்வெஸ்டனில் ஜூன் 19 அன்று அடிமைகளுக்கு விடுதலை என்ற ராணுவ அறிவிப்பு வாசிக்கப்பட்டது, ஜூன்டீன்த் என்று அவர்கள் கொண்டாடுவது அந்த நாளைத்தான். நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்த 13-வது திருத்தம் டிசம்பரில் நிறைவேறியது. அதில் ஒரு விலக்கு: குற்றத்துக்கான தண்டனையாக இருந்தால் கட்டாய உழைப்பு செல்லும். அந்த ஓட்டையில் புகுந்து, ஊர்சுற்றினான் என்று கேஸ் போட்டு, சிறைக்கைதிகளைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் வாடகைக்கு விட்டது தெற்கு.

இப்போது அந்த ஸ்டீபன்ஸ். போர் முடிந்து சில மாதச் சிறையும் கழிந்ததும் ஒரு தடித்த நூல் எழுதினார். அதன்படி போர் நடந்தது அரசியல் சாசனத்தையும் மாநில அதிகாரத்தையும் பற்றிய கருத்து வேறுபாட்டால்! மூலைக்கல் பேச்சைப் பத்திரிகைக்காரர் சரியாகக் குறிப்பெடுக்கவில்லை என்றும் சமாளித்துப் பார்த்தார். இன்று இணையத்தில் சுற்றும் வாதத்துக்கு விதை போட்டவர்களில் இவரும் ஒருவர்.

ஸ்மால்ஸ் கதை வேறு மாதிரி போனது. கப்பலுக்குக் கிடைத்த பரிசுப் பணத்தோடு ஊர் திரும்பி, போஃபோர்ட்டில் தான் அடிமையாகப் பிறந்த அதே வளாகத்தில் எஜமானின் வீட்டை வரி ஏலத்தில் வாங்கினார். ஐந்து முறை நாடாளுமன்றம் போனார். 1895-இல் கறுப்பினத்தவரின் ஓட்டைப் பறிப்பதற்காகவே தென் கரோலினா புதிய சாசனம் எழுதக் கூடியபோது, அந்த மன்றத்தில் இருந்த சொற்பமான கறுப்பின உறுப்பினர்களில் ஒருவராக எழுந்து எதிர்த்துப் பேசினார். சாசனம் நிறைவேறிவிட்டது. அந்த முப்பது வருடத்தில் கிடைத்ததும் பறிபோனதும் அடுத்த பாகத்தில்.