கண்ணைக் கட்டிவிட்ட சட்டங்கள்

வணக்கம், நேயர்களே. அமெரிக்காவில் பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வரும்போதெல்லாம் நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: இத்தனை பிள்ளைகள் செத்த பிறகும் அங்கே ஏன் சட்டம் வரவில்லை? பல வருஷமாக என்னை விடாத கேள்வி இது.

மக்கள் கேட்காமல் இல்லை. 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். வாங்குகிறவரின் பின்னணியை விசாரித்துவிட்டுத்தான் துப்பாக்கி விற்க வேண்டும் என்ற விதியைக் கண்காட்சிகளுக்கும் இணைய விற்பனைக்கும் விரிவாக்க ஒரு திருத்தம் வந்தது. கருத்துக்கணிப்புகளில் பத்துக்கு ஒன்பது பேர் அதை ஆதரித்தார்கள். 2013 ஏப்ரலில், அந்நாட்டு நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் 54 பேர் ஆதரவு, 46 பேர் எதிர்ப்பு. அப்படியும் தோற்றது, செனட் நடைமுறைப்படி தேவைப்பட்டது 60 வாக்கு. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் குடியரசுக் கட்சிக்காரர்கள்.

இது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. துப்பாக்கி ஆதரவாளர்கள் அரசின் கண்ணையே கட்டிவைத்திருக்கிறார்கள். எப்படி என்று கேளுங்கள்.

குற்றம் நடந்த இடத்தில் போலீசார் ஒரு துப்பாக்கியை எடுக்கிறார்கள். யார் வாங்கியது? நம் ஊரில் வண்டி நம்பரைச் சொன்னால் கம்ப்யூட்டரே உரிமையாளர் பெயரைச் சொல்லிவிடும். அங்கே அது நடக்காது. மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் மத்திய அரசின் தேடல் மையம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் முதலில் துப்பாக்கி செய்த கம்பெனியைக் கேட்க வேண்டும். கம்பெனி மொத்த வியாபாரியைக் கைகாட்டும், அவர் சில்லறைக் கடையைக் கைகாட்டுவார். கடைக்காரர் பழைய படிவத்தைத் தேடியெடுத்துப் பெயரைச் சொல்ல வேண்டும். சரி, கடையையே மூடிவிட்டால்? மூடிய கடைகளின் பதிவேடுகள் பெட்டி பெட்டியாக அந்த மையத்துக்கே வந்து சேர்கின்றன. கட்டடம் கொள்ளாமல் வெளியே கன்டெய்னர்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஸ்கேன் செய்கிறார்கள்தான், ஆனால் பெயரைத் தட்டித் தேட முடியாது. ஊழியர் பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்த்தே போக வேண்டும். வசதி இல்லாமல் அல்ல. துப்பாக்கி வைத்திருப்போர் பட்டியலை மத்திய அரசு உருவாக்கக் கூடாது என்று 1986இல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். மறுபடி சொல்கிறேன், சட்டம் போட்டு.

ஆராய்ச்சிக்கும் இதே கதிதான். 1996இல் ஆர்கன்சா மாநிலத்துக் குடியரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஜே டிக்கி கொண்டுவந்த திருத்தம், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கும் வேலைக்கு மத்திய அரசின் நோய்த் தடுப்பு மையம் பணம் செலவிடக் கூடாது என்றது. கூடவே, துப்பாக்கிக் காயம் பற்றிய ஆய்வுக்கு அந்த மையம் செலவழித்துவந்த 26 லட்சம் டாலரும் அதன் கையைவிட்டுப் போனது. அதிகாரிகள் பயந்து அந்தப் பக்கமே போகவில்லை. பின்னாளில் டிக்கியே வருந்தி, ஆராய்ச்சி வேண்டும் என்று 2012இல் எழுதினார். பணம் திரும்பி வந்தது 2019 முடியும்போதுதான்.

இதன் பின்னால் நின்றது, துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் தேசிய ரைபிள் சங்கம். உறுப்பினர் சந்தாவோடு துப்பாக்கிக் கம்பெனிகளின் நன்கொடையும் அதற்கு உண்டு. கம்பெனிகள் தேர்தலில், வேட்பாளர் கையில் கொடுக்காமல் தனியாக, எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடலாம் என்று 2010இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கதவைத் திறந்துவிட்டது. 2016இல் டிரம்ப்புக்காக மட்டும் அந்தச் சங்கம் 3 கோடி டாலருக்கு மேல் இறக்கியது. எழுதுகிற கையைப் பார்க்காமல் சட்டத்தின் வாசகத்தை மட்டும் பார்த்தால் எதுவும் விளங்காது.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சுருக்கமாகவே சொல்கிறேன். துப்பாக்கிக் குற்றத்துக்குத் தயாரித்தவர் மேல் பெரும்பாலும் வழக்குப் போட முடியாதபடி 2005இல் ஒரு சட்டம் வந்தது. அதிலிருந்த ஒரு சின்ன விலக்கைப் பிடித்து, விளம்பரம் செய்த விதத்தைக் கேள்வி கேட்டு, சாண்டி ஹூக்கில் உயிரிழந்த ஒன்பது பேரின் குடும்பங்கள் அந்தத் துப்பாக்கியைத் தயாரித்த ரெமிங்டன் கம்பெனி மேல் வழக்கு நடத்தினார்கள். 2022இல் 7 கோடியே 30 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பணத்தோடு அவர்கள் விடாமல் கேட்டு வாங்கியது, கம்பெனியின் உள் ஆவணங்களை வெளியிடும் உரிமை. வணக்கம்.