பேக்கப் ஓடுகிறது, ரீஸ்டோர் ஏன் நொண்டுகிறது?

வணக்கம் நண்பர்களே. "சர்வர் பேக்கப் ரொம்ப மெதுவாக இருக்கிறது, 10 கிகாபிட் கார்டு போட்டால் சரியாகிவிடுமா?" இந்தக் கேள்விதான் அடிக்கடி வருகிறது. சரியாகலாம். ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம்.

1 கிகாபிட் லைனில் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 110 மெகாபைட் போகும். அந்த வேகத்தில் 10 டெராபைட் நகர ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும். ராத்திரிக்குள் முடிய வாய்ப்பே இல்லை, அங்கே கார்டை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதே லைனில் உங்கள் பேக்கப் ஜாப் நொடிக்கு 40 மெகாபைட்டில் ஊர்ந்தால்? நெட்வொர்க் வேகத்தை மட்டும் அளக்கும் ஐபெர்ஃப்3 (iperf3) டூலை ஓட்டிப் பாருங்கள். அது நொடிக்கு 940 மெகாபிட், அதாவது கிட்டத்தட்ட முழு 1 கிகாபிட் காட்டினால் லைன் மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் டிஸ்க்தான் காரணம், அல்லது லட்சக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்கள். ஒவ்வொன்றையும் திறந்து மூடுவதிலேயே நேரம் போய்விடும். அதற்கு ஃபைல் ஃபைலாக எடுக்காமல் வால்யூமை (டிஸ்க் பகுதியை) அப்படியே ஒரே இமேஜாக எடுப்பதுதான் வழி.

இரண்டு கார்டை பாண்ட் செய்தும், அதாவது ஒரே லைன் போலச் சேர்த்தும், வேகம் ஏறவில்லையா? ஏறாது. இப்படிச் சேர்க்கும் எல்ஏசிபி (LACP) முறை ஒரு டிசிபி கனெக்ஷனை ஒரே கேபிளில்தான் அனுப்பும். ஒரே நேரத்தில் ஓடும் ஸ்ட்ரீம்களைக் கூட்டுங்கள், எந்தக் கனெக்ஷன் எந்தக் கேபிளில் போகும் என்று முடிவு செய்யும் ஹாஷ் கணக்கில் போர்ட் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். ஜம்போ ஃப்ரேம் (வழக்கமான 1500 பைட்டுக்குப் பதில் 9000 பைட் வரை போகும் பெரிய பாக்கெட்) கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். வழியில் ஒரு ஸ்விட்சில் இந்த 9000 செட்டிங் விட்டுப்போனாலும் அன்றைக்குத் தலைவலிதான்.

சரி, இப்போது ரீஸ்டோர், அதாவது பேக்கப்பிலிருந்து டேட்டாவைத் திரும்ப எடுப்பது. என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். பேக்கப்பை வேகப்படுத்தும் சில வேலைகள் ரீஸ்டோரைக் கெடுத்துவிடும். டேப்பில் பல சர்வர்களின் டேட்டாவை மல்டிபிளெக்ஸ் செய்தால், அதாவது மாற்றி மாற்றிக் கலந்து எழுதினால், டிரைவ் நிற்காமல் ஓடும், அழகாக இருக்கும். ஆனால் ஒரு சர்வரை மட்டும் திரும்ப எடுக்கும்போது மற்றவற்றின் டேட்டாவையும் தாண்டித்தான் போக வேண்டும். ஒரே மாதிரித் துண்டுகளை ஒரு முறை மட்டும் சேமிக்கும் டீடூப்ளிகேஷனும் அப்படித்தான். இடம் மிச்சம், ஆனால் துண்டுகள் டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கும், ஹெட் அங்கும் இங்கும் ஓடும். அதனால் கடைசி ஒரு காப்பியை மட்டும் டீடூப் செய்யாமல் தனி டிஸ்கில் வைத்திருப்பேன். அவசரத்தில் கேட்பது பெரும்பாலும் அதைத்தான்.

ரீஸ்டோரில் சர்வர் டிஸ்கில் எழுதும் பக்கத்தையும் மறக்காதீர்கள். ரெய்டு 6-இல் (இரண்டு டிஸ்க் பழுதானாலும் டேட்டா தப்பிக்கும் டிஸ்க் தொகுப்பு) ஒரு சிறிய ரைட்டுக்கு ஆறு டிஸ்க் வேலைகள் நடக்கும். படிக்கும்போது பறந்த சர்வர் எழுதும்போது திணறுவது இதனால்தான்.

இந்த வாரம் சும்மா இருக்கும் ஒரு சர்வரில் 500 கிகாபைட் ரீஸ்டோர் செய்யுங்கள். எடுத்த நேரத்தை உங்கள் மொத்த டேட்டாவுக்குப் பெருக்கி, வரும் எண்ணை அப்படியே மேனேஜரிடம் காட்டுங்கள். 10 கிகாபிட் கார்டைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.