திருச்சி வானில் இரண்டரை மணி நேரம்: அந்த விமானம் ஏன் இறங்காமல் சுற்றியது?

[காட்சி: திருச்சி விமான நிலையம், இருட்டும் நேரம். ஓடுபாதை ஓரம் தீயணைப்பு வண்டிகள், ஆம்புலன்ஸ்கள்.]

2024 அக்டோபர் 11. ஆயுத பூஜை. மாலையில் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் மேலே ஏறிய கொஞ்ச நேரத்திலேயே ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 140க்கும் மேற்பட்டவர்கள். திரும்பி வந்தது, ஆனால் இறங்கவில்லை. திருச்சி, புதுக்கோட்டை வானத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது.

மன்னார்குடி, ஒரத்தநாடு, பாபநாசம் என்று எங்கே போனாலும் வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. அன்றைக்கு அந்த வீடுகளில் எல்லாம் ஒரே கேள்வி: உடனே இறக்கினால் என்ன?

நான் விமானப் படையில் சரக்கு விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவன். கும்பகோணம் பக்கம் ஊர். எங்கள் தெருவிலும் இதையேதான் கேட்டார்கள். விளக்கமாகவே சொல்கிறேன்.

[காட்சி: விமானத்தின் அடிப்பகுதி வரைபடம். சக்கரம் இறங்கும் அசைவு.]

ஹைட்ராலிக் என்றால் குழாய்களில் பெரும் அழுத்தத்தோடு இருக்கும் திரவம். சக்கரத்தை உள்ளிழுப்பது, இறக்கையின் பின்னால் நீளும் ஃபிளாப் தகடுகளை இறக்குவது, பிரேக் பிடிப்பது எல்லாம் அதன் பலத்தில்தான். அந்த விமானம் போயிங் 737. அதில் ஏ, பி என்று இரண்டு அமைப்புகள். போதாதென்று மாற்றாக மூன்றாவது ஒன்றும் உண்டு. சக்கரம் இறங்க மறுத்தாலும் வழி இருக்கிறது. துணை விமானியின் இருக்கைக்குப் பின்னால், தரையில் ஒரு சின்ன மூடி. திறந்தால் மூன்று கைப்பிடிகள். ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும். பூட்டு விலகி, சக்கரம் தன் கனத்திலேயே இறங்கி நிலைத்துவிடும்.

சரி, அப்படியென்றால் ஏன் சுற்ற வேண்டும்? எடைதான் காரணம். 737-800 ரகத்தை எடுத்துக்கொள்வோம். சுமார் 79 டன் எடையோடு கிளம்பலாம். இறங்கும்போது 66 டன்னுக்குள் இருக்க வேண்டும். நெல் மூட்டை அடுக்கிய லாரியும் காலி லாரியும் ஒரே இடத்தில் பிரேக் போட்டால் எது முதலில் நிற்கும்? பிரேக்கைக் கொடுக்கும் ஹைட்ராலிக்கிலேயே சந்தேகம் வந்த பிறகு, கனத்தோடு இறங்க யார் விரும்புவார்கள்? பெரிய விமானங்கள் சில எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிடும். 737இல் அந்த வசதி கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும், மணிக்குச் சுமார் இரண்டரை டன்.

தீப்பிடித்திருந்தால் எடையைப் பார்க்காமல் இறக்கியிருப்பார்கள், அதற்கும் விதியில் இடம் உண்டு. இங்கே இரண்டு என்ஜினும் நன்றாக ஓடின. நேரம் இருந்தது. கீழே நாடே பதறிக்கொண்டிருக்க, அந்த நேரத்தை விமானிகள் நிதானமாகப் பயன்படுத்தினார்கள். இரவு எட்டு மணிக்குமேல் பத்திரமாக இறங்கியது.

அந்த நிதானம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது, நாடு கஷ்டத்தில் இருக்கும்போது விமானம் ஓட்டியவர்களுக்குத் தெரியும். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்குமேல் போனார்கள். அதே காலையில் கார் நிக்கோபார் விமானப் படைத் தளத்தில் எங்கள் ஆட்களும் குடும்பத்தாரும் நூறு பேருக்குமேல் இறந்தார்கள். துக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நிவாரண விமானங்களை இயக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட நாட்களில் விமானியின் மனதில் 'இன்னும் ஒரு டிரிப் அடித்துவிடலாம்' என்று தோன்றும். நல்ல எண்ணம்தான். ஆனால் அதைவிட ஆபத்தான எண்ணம் எதையும் நான் காக்பிட்டில் பார்த்ததில்லை.

[காட்சி: கோழிக்கோடு, மேட்டின் மேல் ஓடுபாதை. மழை.]

2020 ஆகஸ்ட் 7. கொரோனாவில் மாட்டிக்கொண்டவர்களைத் துபாயிலிருந்து அழைத்துவந்த விமானம் கோழிக்கோட்டில் இறங்கியது. நல்ல மழை. முதல் முயற்சியைக் கைவிட்டு, எதிர்த்திசையில், பின்னாலிருந்து தள்ளும் காற்றோடு வந்தார்கள். சக்கரம் தரையைத் தொட்டபோது ஓடுபாதையில் பாதி தீர்ந்துவிட்டது. முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். கேப்டன் எங்களைப் போல விமானப் படையில் இருந்து வந்தவர், நல்ல அனுபவசாலி. அந்த இறக்கத்தைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறியிருக்க வேண்டும் என்றது விசாரணை அறிக்கை. மறுநாள் காலை விமானத்துக்குப் போதிய விமானிகள் இல்லாததும், எப்படியாவது கோழிக்கோட்டிலேயே இறங்கிவிட வேண்டும் என்று நினைக்க வைத்திருக்கலாம் என்றும் சொன்னது. அந்த இடத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆள் பற்றாக்குறையை நிர்வாகம்தான் சுமக்க வேண்டும். அது காக்பிட்டுக்குள் வரவே கூடாது.

அப்புறம், தரையில் இருக்கும் நமக்கும் ஒரு வேலை உண்டு. தஞ்சாவூரில் 2020 முதல் சுகோய் போர் விமானங்கள் நிற்கின்றன. பறவை மோதினால் விமானத்துக்கு ஆபத்து. உழுகிற டிராக்டருக்குப் பின்னால் வரும் கொக்கை நாம் தடுக்க முடியாது. கோழிக் கழிவைச் சாலையோரம் கொட்டிப் பருந்துகளைக் கூட்டுவதைத் தடுக்கலாம். விமான தளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் அப்படிக் குப்பை கொட்டக் கூடாது என்பது விதி.

ஊருக்கு வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். மார்கழிப் பனியில் விமானம் வட்டமடித்தாலோ, மதுரைக்கோ சென்னைக்கோ திருப்பிவிட்டாலோ பணிப்பெண்களிடம் சத்தம் போடாதீர்கள். கைப்பையில் மாத்திரையும் போன் சார்ஜரும் இருக்கட்டும். காரோடு வாசலில் நிற்கும் வீட்டாரிடம், "லேட்டானா பயப்படாதீங்க, சாப்பிட்டுட்டு இருங்க" என்று கிளம்பும்போதே சொல்லிவையுங்கள்.