டிசம்பர் முதலாம் திகதி கொரோனா எங்கே இருந்தது?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் தம்பிமாரே, அவையில் கூடியிருக்கும் பெரியவர்களே, தாய்மாரே, எல்லோருக்கும் வணக்கம்.

"2022இல் இலங்கை மக்களின் அடுப்பை அணைத்தது உலக நெருக்கடியா, ஆட்சியாளர்களின் முடிவுகளா?" என்பது இன்றைய தலைப்பு. முடிவுகள்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தம்பி, 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகள், அப்புறம் கொரோனா, அப்புறம் உக்ரைன் போர் என்று வரிசையாக எடுத்து வைத்தார். மூன்று அடி வாங்கிய சின்னத் தீவில் எந்த அரசாங்கம் இருந்தாலும் இதே கதிதான் என்றார். அந்த மூன்றும் நடந்தவைதான். உல்லாசப் பயணிகள் வராமல் போனதும் எண்ணெய் விலை ஏறியதும் உண்மைதான். ஆனால் தம்பி ஓரிடத்திலும் திகதி சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன்.

2019 டிசம்பர் முதலாம் திகதி, பொருள் வாங்கும்போது நாம் கட்டும் வற் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி ஒரேயடியாக நீக்கப்பட்டது. அதற்கு முன் ஆண்டுக்கு ஒரு கோடி இருபது இலட்சம் ரூபா வியாபாரம் செய்தவர் வற் வரிக்குள் வருவார். அடுத்த மாதத்திலிருந்து அந்த எல்லை முப்பது கோடி. முப்பது கோடிக்கு வியாபாரம் செய்பவர் ஏழையா, ஐயா? நாட்டுக்குள்ளேயே தொற்றிய முதல் கொரோனா நோயாளி 2020 மார்ச்சில்தான் கண்டறியப்பட்டார். கிருமி இங்கே பரவுவதற்கு மூன்று மாதம் முன்பே திறைசேரியின் கதவைத் திறந்து விட்டுவிட்டோம். அந்த 2020இலேயே கடன் தரப்படுத்தும் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நம் தரத்தை இறக்கின. வெளியே கடன் வாங்கும் வழி அடைபட்டது. வருமானமும் இல்லை, கடனும் இல்லை என்றானபோது மத்திய வங்கி பணத்தை அச்சிட்டது.

அதே 2020 ஒக்டோபரில் ஒரு கிலோ சீனிக்கான இறக்குமதி வரி 50 ரூபாவிலிருந்து 25 சதமாக்கப்பட்டது. கடையில் சீனி விலை அந்த அளவுக்கு இறங்கியதா? இங்கே இருக்கும் தாய்மாரைக் கேளுங்கள்.

இனிப் பசளைக்கு வருகிறேன். நான் கிளிநொச்சிப் பக்கத்தில் வயல் செய்யும் வீட்டில் பிறந்தவள், இப்போது ஆசிரியை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. சேதனப் பசளை நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. எங்கள் அப்பாவும் மாட்டெரு போட்டவர்தான். ஆனால் யூரியாவை நம்பிப் பழகிய நிலம் ஒரே போகத்தில் மாறாது. அதற்கு ஆண்டுகள் வேண்டும், போதிய எரு வேண்டும், கமக்காரருக்குப் பயிற்சி வேண்டும். இவை எதுவும் தராமல் ஒரு வர்த்தமானியில் தடுத்து விட்டார்கள். அந்தப் பெரும்போகத்தில் எங்கள் பயிர் மஞ்சளித்து நின்றது. அப்பா காலையில் வரம்பில் போய் நிற்பார், ஒன்றும் பேசாமல் திரும்பி வருவார். வழக்கமாக வரும் நெல்லில் பாதிகூட வீடு வரவில்லை. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். விதைத்து முடிந்த பிறகு தளர்த்தி என்ன பயன்? சொந்த அரிசி சாப்பிட்ட நாங்கள் அந்த வருடம் கடையில் அரிசி வாங்கினோம். அந்தத் தடை எந்த உலகச் சந்தையிலிருந்து வந்தது, தம்பி?

அப்புறம் டொலர். 2021 கடைசியில் வங்கியில் ஒரு டொலருக்கு 200 ரூபா சொச்சம்தான் என்று பிடித்து வைத்திருந்தார்கள். வங்கிக்குப் போகாமல் தனியார் கைமாற்றாக, உண்டியலில் அனுப்பினால் அதற்கு மேல் முப்பது, நாற்பது ரூபா கிடைத்தது. உண்டியல் என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டில் பனியிலும் வெயிலிலும் உழைக்கும் பிள்ளை எந்த வழியால் அனுப்பும்? 2020இல் 710 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்புப் பணம் 2021இல் 550 கோடிக்குள் இறங்கியது. பிள்ளைகள் உழைப்பை நிறுத்தவில்லை. வங்கி வழியை மூடியது நம்முடைய கொள்கை. 2022 மார்ச் 7ஆம் திகதி பிடியை விட்டார்கள். மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபா. மருந்து, பால்மா, எரிபொருள் எல்லாம் அந்தக் கணக்கில் ஏறின.

உக்ரைன் போர் 2022 பெப்ரவரி 24இல் தொடங்கியது. அதற்கு முன்பே, 2021 டிசம்பரில், கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 12 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 2021 ஒக்டோபர்வரை 1500 ரூபாவுக்குள் வாங்கிய பன்னிரண்டரைக் கிலோ சமையல் எரிவாயுச் சிலிண்டர், போர் தொடங்குமுன்பே 2600 ரூபாவைத் தாண்டியிருந்தது. 2022 ஏப்ரலில் 4860. போர் எண்ணெயை ஊற்றியது, நான் மறுக்கவில்லை. ஆனால் தீ ஏற்கனவே எரிந்துகொண்டிருந்தது.

இவற்றில் என்னை இன்றைக்கும் உறங்கவிடாத திகதி 2022 ஜனவரி 18. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டொலர் இல்லை என்று சொன்ன அந்தக் காலத்தில், வெளிநாட்டில் கடன் பத்திரம் விற்று வாங்கிய, தவணை முடிந்த பிணைமுறிக்கு 50 கோடி டொலரை முழுதாகக் கட்டினார்கள். கடனை மறுசீரமையுங்கள், சர்வதேச நாணய நிதியத்திடம் போங்கள் என்று பொருளாதாரம் தெரிந்தவர்கள் மாதக்கணக்காகக் கத்தினார்கள். கேட்கவில்லை. மார்ச்சில் வினாத்தாள் அச்சிடக் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை ஒத்திப்போனது. பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு. தனுஷ்கோடிக்குப் படகேறி, குழந்தைகளோடு தமிழர்கள் போய் இறங்கினார்கள். யுத்தத்துக்குப் பயந்து போன கடலில் இந்த முறை பசிக்குப் பயந்து போனார்கள். இவ்வளவுக்கும் பிறகு, ஏப்ரல் 12இல்தான் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அதே வார்த்தையை ஜனவரியில் சொல்லியிருந்தால், அந்த 50 கோடி மருந்தாகவும் எரிபொருளாகவும் வந்திருக்காதா?

பிணைமுறிக் கடன் 2007இலேயே தொடங்கிவிட்டதே, அதற்குப் பிறகு வந்த எல்லா அரசாங்கமும் வாங்கியதே என்று எதிரணி கேட்கலாம். சரி, ஒத்துக்கொள்கிறேன். அதுவும் அரசாங்கங்களின் முடிவுதானே? என் பக்கத்துக்குத்தான் அது பலம். மக்கள்தானே வாக்களித்தார்கள் என்றும் சொல்வீர்கள். வாக்களித்தவர்களும் வாக்களிக்காதவர்களும் ஒரே எரிபொருள் வரிசையில்தான் நின்றோம். இதைச் செய்யப்போகிறோம், இன்ன விளைவு வரும் என்று யார் எங்களிடம் வந்து கேட்டார்கள்?

விலை எல்லோருக்கும்தானே ஏறியது என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 2022 செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். காணியும் டொலரும் வைத்திருந்தவருக்கு அது ஒரு செய்தி. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவின் நாட்சம்பளம் 2021இல் போராடி வாங்கிய 1000 ரூபா, அது அப்படியே நின்றது. தோட்டக் குடியிருப்பான லயத்தில் காலையும் இரவும் ரொட்டிதான். அந்த ரொட்டிக்கான கோதுமை மா மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. உலக வங்கியின் கணக்குப்படி 2021இல் 13 சதவீதமாக இருந்த வறுமை அடுத்த ஆண்டே 25 சதவீதமானது. முப்பது கோடிக்காரருக்கு அன்று விட்டுக்கொடுத்த வரியை இன்று யாரிடம் பிடிக்கிறார்கள்? 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். அதைக் கட்டும்போது அமைச்சருக்கும் கூலிக்காரருக்கும் ஒரே விகிதம்.

நடுவர் ஐயா, நான் சொல்வதை நம்பவேண்டாம். 2023 நவம்பர் 14இல் நாட்டின் ஆக உயர்ந்த மன்றமான உயர் நீதிமன்றம், ஐந்து நீதியரசர் அமர்ந்து, நால்வர் ஒரு பக்கமாக, தீர்ப்புச் சொன்னது. முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, முன்னாள் பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ, முன்னாள் நிதியமைச்சர் பசில் ராஜபக்ஷ, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவர், மேலும் சில உயர் அதிகாரிகள் மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள், சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை தரும் உரிமையை மீறினார்கள் என்று சொன்னது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக ஒன்றரை இலட்சம் ரூபா. வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்றும் இல்லை.

2022இல் என் வகுப்பில் மூன்று பிள்ளைகள் படிப்பை விட்டார்கள். ஒருவன் மேசன் வேலைக்குப் போனான், ஒருத்தி தம்பியைப் பார்க்க வீட்டில் நின்றாள், மற்றவன் எங்கே என்று இன்றும் எனக்குத் தெரியாது. இடைவிலகலுக்கான காரணம் எழுதவேண்டிய இடத்தை நான் நிரப்பாமலே வைத்திருந்தேன். கொரோனா என்றோ உக்ரைன் என்றோ அதில் எழுத என் கை வரவில்லை. நீங்கள் என்ன எழுதுவீர்கள், ஐயா? அதையே தீர்ப்பாகச் சொல்லுங்கள். வணக்கம்.